கயிற்றில் ஒட்டிவந்த மணல்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை வாசிப்புக்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்றைய கதை ஒரு கயிற்றில் ஆரம்பிக்குது. சாதாரண தேங்காய் நார்க் கயிறு. 1909ஆம் வருஷம். திருவிதாங்கூர்ல இருந்து கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போன கயிறு. அந்த நாரில் கொஞ்சம் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. கயிறு வாங்குறவங்களுக்கு அது அழுக்கு, உதறிவிட்டு வேலையைப் பார்ப்பாங்க. ஆனா ஷோம்பெர்க் என்கிற ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் அதை உதறவில்லை. எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தார். மஞ்சள் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். மோனசைட். அதற்குள்ளே தோரியம்.

அடுத்த வருஷமே மனுஷன் மணவாளக்குறிச்சியில் இருந்தார். 1910ல் அங்கே மணலில் இருந்து மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை தொடங்கியது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மலையையும் குடையவில்லை, ஒரு குழியும் தோண்டவில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு சிட்டிகை மணலை வைத்து, ஒரு கனிம வயலைக் கண்டுபிடிச்சாச்சு. பூமிக்கு அடியில் என்ன இருக்கு என்பதை மேலே கிடப்பதை வைத்துச் சொல்லும் வித்தைதான் இன்றைக்கு நம்ம விஷயம். அதைப் பேச நான் எடுத்துக்கொண்ட ஊர் காயல்பட்டினம். ஏன் மணவாளக்குறிச்சி இல்லை, ஏன் காயல்பட்டினம்? கேளுங்க, புரியும்.

திருச்செந்தூரில் இருந்து தூத்துக்குடி போற சாலையில் போனால் சில கிலோமீட்டரில் காயல்பட்டினம். கிழக்கே கடல். தென்மேற்கே கொஞ்ச தூரம் போனால் நிலம் திடீர்னு சிவப்பாகிவிடும். செங்கல் பொடியைக் கொட்டினது மாதிரி மணல் மேடு மேடாக. பனை, உடை, கொல்லாமரம், நடுநடுவே ஒன்றுமே இல்லாத சிவப்பு. அதுதான் தேரி. குதிரைமொழித் தேரி என்று பேர். கடலில் அரேபியக் குதிரைகள் வந்து இறங்கின கரை, பக்கத்திலேயே குதிரைமொழி. இதை வைத்து ஒரு கதை கட்ட யாருக்கும் ஆசை வரும். நான் கட்டப்போறதில்லை.

ஆனா குதிரைகள் வந்தது நிஜம். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘காயில்’ என்கிற துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறார். ஏடன், ஹோர்முஸ் பக்கம் இருந்து வரும் கப்பல்கள் எல்லாம் அங்கே நிற்கும், குதிரை இறங்கும் என்கிறார். அந்தக் காயல் எது? 1870களில் இதைத் தேடிப் புறப்பட்டவர் இடையன்குடியில் இருந்த பிஷப் கால்டுவெல். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அவர் எப்படித் தேடினார் என்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. தாமிரபரணி கழிமுகத்துக்குப் பக்கத்தில், பழையகாயல் சுற்றுவட்டாரத்தில், வயலிலும் மேட்டிலும் நடந்தார். தரையில் கிடந்த உடைந்த ஓடுகளைப் பொறுக்கினார். சீனப் பீங்கான் துண்டு, அரபு நாட்டுப் பானை ஓடு. ரெண்டு மூணு மைலுக்கு அவை சிதறிக் கிடந்தன. இத்தனை தூரத்துக்கு வெளிநாட்டு ஓடு கிடக்குதுன்னா கீழே இருப்பது ஒரு பெரிய ஊர் என்றார். (மார்க்கோ போலோ வந்தது பழையகாயலுக்குத்தான் என்று காயல்பட்டினத்துக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க. அதுக்குத் தனி எபிசோட் போடணும்.)

ஷோம்பெர்க் செய்ததும் கால்டுவெல் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. சிதறினதைப் பார்த்து மூலத்தைப் பிடிப்பது.

மலை கரையும், மணல் பேசும்

கொஞ்சம் அறிவியல். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு லெவல்தான்.

ஒரு மலைக்குள்ளே செம்பு இருக்குன்னு வைங்க. மழை, வெயில், மரத்தின் வேர் எல்லாம் சேர்ந்து பாறையை உடைக்கும். செம்பில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து கீழே போகும், கொஞ்சம் மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஓடையில் உருண்டு போகும். மூலத்தில் இருந்து விலக விலக அளவு குறையும். பெருங்காய டப்பா மாதிரி. டப்பாவை அலமாரிக்குள்ளே ஒளிச்சு வைத்தாலும் அடுப்படி வாசலில் நிற்கும்போதே வாசனை வரும், கிட்டப் போகப் போகக் கூடும். நிலத்தில் அந்த ‘வாசனை’யை மூக்கால் பிடிக்க முடியாது, ஆய்வகத்தில் பிடிக்கலாம். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். எல்லா மண்ணிலும் எல்லா உலோகமும் கொஞ்சம் இருக்கும், அது பின்னணி அளவு. அதைவிடத் தெளிவாக எகிறி நிற்கும் இடம்தான் தேடுகிற இடம்.

சில நேரம் தேடும் உலோகத்தைவிட அதன் கூட்டாளியைப் பிடிப்பது சுலபம். தங்கம் துகள் துகளாக, ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்தில் இல்லாமல் கிடக்கும். ஆனா தங்கத்தோடு பல இடங்களில் ஆர்செனிக் சேர்ந்து வரும், அது பரவலாகப் பரவும். அதனால் ஆர்செனிக்கைத் துரத்திக்கொண்டு போவார்கள். போலீஸ் திருடனை விட்டுவிட்டு அவன் மச்சினனைப் பின்தொடர்வது மாதிரி.

ஆற்று மணல் இதற்கு ரொம்ப வசதி. ஏன்னா ஓடை என்பது தானாகவே மாதிரி சேகரிக்கிற இயந்திரம். மேலே உள்ள மலைச்சரிவு முழுதும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே இடத்தில் சேர்க்கும். நம்ம தாமிரபரணியையே எடுத்துக்குவோம். சிற்றாறு வந்து சீவலப்பேரியில் சேருது. சேர்வதற்கு முன்னால் தாமிரபரணியில் ஒரு பிடி, சிற்றாற்றில் ஒரு பிடி, சேர்ந்தபின் ஒரு பிடி. மூணாவது பிடியில் ஒரு உலோகம் கூடியிருந்தால், மற்ற ரெண்டைப் பார்த்து எந்த ஆற்றைப் பிடிச்சு மேலே ஏறணும் என்று சொல்லிவிடலாம். அப்படியே கிளை கிளையாக ஏறிப் போகலாம்.

இதை ஒரு முறையாக, பெரிய அளவில், 1930களில் சோவியத் யூனியன்தான் தொடங்கியது. அப்புறம் ஸ்காண்டிநேவியா, அமெரிக்கா. இந்தியாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுதையும் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓடை மண் எடுத்து, சலித்து, 60க்கும் மேற்பட்ட தனிமங்களை அளக்கிறது. நீங்க டூர் போகும்போது ஓடையில் சல்லடையோடு ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா, மணல் திருட்டுன்னு போட்டோ எடுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சரி, ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும். ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கே, செம்பு கிடைக்குமா? ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899ல் இருந்து 1905 வரை தோண்டியபோது அழகழகான வெண்கலப் பொருட்கள் வந்தன. பின்னாளில் சோதித்தபோது சில கிண்ணங்களில் தகரம் 20 சதவீதத்துக்கும் மேலே. பயங்கரத் தொழில்நுட்பம் அது, அவ்வளவு தகரம் சேர்ந்த வெண்கலத்தைப் பதமான சூட்டில் அடித்தால்தான் உடையாமல் இருக்கும். ஆனா இந்த ஆற்றுப் படுகையில் செப்புச் சுரங்கம் எதுவும் இல்லை. பெயரை நம்பிச் சுரங்கம் தோண்ட முடியாது. இந்த மண்ணில் இருப்பது வேற உலோகம். அதுக்கு நம்ம முன்னோர் பேர் வைக்கவில்லை, காரணம் அப்படி ஒன்று இருப்பதே 1791 வரை உலகில் யாருக்கும் தெரியாது.

டைட்டானியம். அதைக் கண்டுபிடித்ததும் ஒரு பாதிரியார்தான். இங்கிலாந்தில் கார்ன்வால், வில்லியம் கிரிகர். அங்கே ஒரு ஓடையில் கருப்பு மணல் கிடப்பதைப் பார்த்து எடுத்துச் சோதித்தார். காந்தத்தில் ஒட்டுது, ஆனா முழுக்க இரும்பில்லை. உள்ளே புதுசாக ஒன்று. நாம் இப்போ இல்மனைட் என்று சொல்லும் தாது அது.

கருமணல் எங்கிருந்து வருது

திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழை என்று கடற்கரையோரமாகப் போனால், அலை பெருசா அடிச்சு ஓய்ந்த பிறகு, மணலில் கருப்புக் கோடுகள் தெரியும். இடையில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். கருப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே ரூட்டைல், சிர்கான், கொஞ்சூண்டு மோனசைட்.

தென் தமிழ்நாட்டின் பாறைகள் ரொம்பப் பழசு. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவை உடைந்து ஆற்றில் வந்து கடலில் சேருது. கடல் என்ன செய்யுதுன்னா, நம்ம பாட்டி முறத்தில் புடைப்பாங்களே, அதையே செய்யுது. சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப்போல 2.65 மடங்கு எடை. கார்னெட் சுமார் 4, இல்மனைட் 4.7, மோனசைட் 5. அலை ஏறி இறங்கும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போகும், கனமானது தங்கிவிடும். ஆயிரக்கணக்கான வருஷம், நாள் முழுக்கப் புடைத்தால் எவ்வளவு சேரும்!

அந்த மணலைக் காற்று தூக்கி உள்ளே கொண்டுபோய்க் குவித்ததுதான் தேரி. இரும்புள்ள தாதுக்கள் நைந்து, துருப் போல ஒரு பூச்சாக மணல்மேல் படிந்ததால் அந்தச் சிவப்பு. அதாவது தேரி சிவப்பாக இருப்பதே ஒரு துப்பு. இதற்குள்ளே இரும்பு கலந்த கனத் தாது இருக்கு என்று மண் கலரிலேயே சொல்லிவிட்டது. இந்தத் தேரிகளில் காற்று மணலை விலக்கிய இடங்களில் சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் புரூஸ் ஃபூட் பார்த்தார். 1956ல் சாய்னரும் ஆல்ச்சினும் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் மாதிரியான ஊர்களின் தேரிக் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உலோகமே தெரியாத மனுஷர்கள், உலோக மணலின்மேல் உட்கார்ந்து, கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தோரியத்துக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? அணுகுண்டு எல்லாம் அப்போ யாருக்கும் தெரியாது. விளக்குக்காகத்தான். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி, செந்தில், பெட்ரோமாக்ஸ், அந்த மேண்டில் — ஞாபகம் வருதா? அந்த வலைத்துணி தோரியமும் துளி சீரியமும் கலந்த உப்பில் ஊறியது. ஆஸ்திரியாக்காரர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது. மின்விளக்கு பரவுவதற்கு முன் ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் அதில்தான் ஜொலித்தன. தோரியம் எங்கே கிடைக்கும் என்று உலகமே தேடியது.

இந்தத் தேடலில் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி. நடராஜர், இந்தியக் கலை என்று நாம் படிக்கிற அவரேதான். அவர் படித்தது புவியியல். 1903ல் இருந்து 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். 1904ல் பலாங்கொடைப் பக்கம், ரத்தினக் கல் அரிக்கும் சரளையில் கருப்பாகக் கனமாக ஒரு மணி கிடைத்தது. அவர் அதை லண்டனுக்கு அனுப்ப, அது தோரியம் நிறைந்த புதுத் தாது என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். தந்தை வழியில் தமிழரான அவர் கலைக்கு வந்தது இந்த மண் அளந்த வேலையில் இலங்கைக் கிராமங்களைச் சுற்றியபோதுதான்.

இங்கே காயல்பட்டினம் மறுபடி வருது. காயலர்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கையில் ரத்தின வியாபாரம் செய்தவர்கள். அந்தக் கற்கள் எப்படிக் கிடைக்குது? ரத்தினபுரிப் பக்கம் வயலில் நீளமான இரும்புக் கம்பியைக் குத்தி இறக்குவார்கள். கம்பி சரளையில் உரசும் சத்தத்தையும் கையில் வரும் அதிர்வையும் வைத்தே கீழே கல் படுகை இருக்கா என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அப்புறம்தான் குழி. பிறகு கூடையில் அள்ளி நீரில் சுழற்றி அரிப்பார்கள், கனமானது கூடையின் அடியில் நிற்கும். கடல் செய்யும் அதே வேலை, கூடையில். காயல்பட்டினத்து வியாபாரி மேசையில் பார்த்த நீலக்கல்லுக்கும், ஊர்க் கரையில் காலில் ஒட்டிய கருமணலுக்கும் சேர்ந்த வழி ஒன்றுதான்.

ஒரு எண், யாருடைய நிலம்

முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பெர்க் ஜெர்மன் உளவாளி என்று கைதானார். ஆலை லண்டன் கம்பெனிக்குப் போனது. பிறகு மின்விளக்கு வந்து மேண்டில் மங்கியது. அதுவரை ஒதுக்கித் தள்ளிய இல்மனைட்டுக்கு 1920களில் வேளை வந்தது. அந்தக் கருப்பு மணலில் இருந்துதான் உலகின் வெள்ளை பெயின்ட் வரும். உங்க சுவர், டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன், எல்லாத்திலும் டைட்டானியம் டை ஆக்சைடு. பிறகு 1945, அணுகுண்டு. தோரியத்துக்கு மறுபடி மவுசு. 1946ல் திருவிதாங்கூர் மோனசைட் ஏற்றுமதியைத் தடுத்தது. 1949ல் டி.என். வாடியா தலைமையில் அரிய கனிமங்களைத் தேடும் பிரிவு தொடங்கியது. இன்றைய அணுக் கனிம இயக்ககம் அதன் வழியில் வந்தது. 1950ல் இந்திய அருமணல் ஆலை.

இவர்கள் கடற்கரையையும் தேரியையும் கட்டம் கட்டமாகத் துளைத்தார்கள். மணலைப் புரோமோஃபார்ம் என்ற திரவத்தில் போட்டால் வெள்ளை மணல் மிதக்கும், கனத் தாது மூழ்கும். அதைக் காந்தத்தால் பிரித்து எண்ணலாம். மோனசைட் இருந்தால் கதிர் அளக்கும் கருவியே காட்டிக் கொடுக்கும். சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிகளில் டைட்டானியத் தாது இருக்குது என்பது இப்படித்தான் தாளில் ஏறியது.

தாளில் ஏறினால் என்ன ஆகும்? 2007 ஜூனில் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்கத் தமிழக அரசும் டாடா ஸ்டீலும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. சுமார் 2,500 கோடி ரூபாய் திட்டம். ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவை. பனை ஏறிப் பிழைத்தவர்கள், தோட்டம் வைத்தவர்கள், சும்மா சிவப்பு மண்ணாகக் கிடந்த இடத்தைத் தாத்தா காலத்தில் இருந்து தன்னுடையது என்று நினைத்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். வெளியில் இருந்து பார்த்தால் தேரி ஒரு பாலைவனம். அங்கே இருப்பவர்களுக்கு அது மழைநீரை உறிஞ்சி வைத்துக் கிணற்றுக்குத் தரும் பஞ்சு. எதிர்ப்பு பெருகியது, அரசு பின்வாங்கியது, ஆலை வரவில்லை. என்னைக் கேட்டால், அந்த மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. மணலுக்குள் எத்தனை சதவீதம் டைட்டானியம் என்று அளந்தவர்கள், அதே மணலுக்குள் எவ்வளவு தண்ணீர் என்றும் அளந்து அதே தாளில் எழுதியிருக்கணும்.

கடற்கரையில் கதை வேற மாதிரி போனது. அங்கே தனியார் தாது மணல் அள்ளல் பல வருஷம் நடந்தது. மீனவ ஊர்களின் புகார்களுக்குப் பிறகு, 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்திலும் செப்டம்பரில் நெல்லை, குமரி உட்பட மற்ற மாவட்டங்களிலும் அரசு தடை போட்டது. ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு ஆய்வு செய்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

இதில் நான் சொல்ல வந்தது ஒரு சின்ன எண்ணைப் பற்றி. 2016ல் வந்த விதிப்படி, கனத் தாதுக்களில் மோனசைட் 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மணல் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அதற்குக் கீழே என்றால் தனியாருக்கும் வழி உண்டு. 2019ல் அந்த எண்ணை 0.00 என்று மாற்றினார்கள். துளி மோனசைட் இருந்தாலும் அரசுக்கே. மணல் அதே மணல், கடற்கரை அதே கடற்கரை. தாளில் ஒரு எண் மாறியது, யார் அள்ளலாம் என்பதே மாறிவிட்டது. அப்போ மாதிரி எடுக்கிற ஆள் எங்கே குழி போட்டார், எத்தனை அடி இறங்கினார், அலை ஒதுக்கிய கருப்புக் கோட்டில் அள்ளினாரா இல்லை நாலடி தள்ளி வெள்ளையில் அள்ளினாரா, எல்லாமே பணம். ஒரே கரையில் ரெண்டு பேர் ரெண்டு சதவீதம் காட்ட முடியும். அதனால்தான் கட்டம் போடுகிறார்கள், கைக்கு வந்த இடத்தில் அள்ளக்கூடாது என்கிறார்கள்.

காயல்பட்டினத்தை ஒட்டிய சாகுபுரத்தில் இல்மனைட்டில் இருந்து செயற்கை ரூட்டைல் தயாரிக்கும் ரசாயன ஆலை இருக்கு. ஆறு கொண்டுவந்ததை அலை புடைத்து, மனுஷன் அமிலத்தில் கழுவிக் கப்பல் ஏற்றுகிறான். குதிரைமொழித் தேரி இப்போ காப்புக்காடு. அந்தத் தேரிகளின் தாதுமேல் பொதுத்துறை நிறுவனங்களின் கண் இன்னும் இருக்கு.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். வருஷா வருஷம் டிசம்பரில் கள்ளர்வெட்டு நடக்கும். தேரி மணலில் இளநீரை வைத்துக் கள்ளனாகப் பாவித்து வெட்டுவார்கள். இளநீர் தெறித்த சிவப்பு மணலைக் கூட்டம் முண்டியடித்து அள்ளும். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். சென்னையிலும் மும்பையிலும் எத்தனையோ வீட்டுப் பூஜை அலமாரியில் காகிதத்தில் மடித்த ஒரு பிடி தேரி மணல் இருக்கு. உங்க வீட்டில் இருந்தால், நல்ல காந்தம் ஒன்றைக் காகிதத்துக்கு அடியில் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்க. சிவப்புக்கு நடுவே கருப்பு மணிகள் சில கூடவே நகரும். பாட்டி பார்க்காதபோது செய்யுங்க.

அடுத்த வாரம் கொற்கை.